நார்மன் டக்வொர்த்தின் தேனீ

நார்மன் டக்வொர்த் என் பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்தொரு வருஷம் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தோம். அவருக்கு நான் செய்ததை எங்கள் ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மரியாதையான ஊர் இது. இங்கே ஒருவரைத் தீர்த்துக்கட்ட வேண்டுமென்றால் முதலில் தேநீர் கொடுப்பார்கள், பிஸ்கட் தட்டை நீட்டுவார்கள், பால் போதுமா என்று கேட்பார்கள்.

நார்மனும் நானும் ஒரே நெசவாலையில் வேலை பார்த்தவர்கள். லங்காஷயரில் எங்கள் வயதுக்காரர்கள் வேறு எங்கே வேலை பார்த்திருப்போம்? அவர் தறி பழுது பார்ப்பவர், நான் நெய்கிறவள். முந்நூறு தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும் இடத்தில் பேச்சு எடுபடாது. அதனால் குரலே இல்லாமல், உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசப் பழகியிருந்தோம். கொட்டகையின் அந்த முனையில் நிற்கிறவளிடம் மேஸ்திரியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மேஸ்திரிக்கும் அந்தப் பேச்சு தெரியும் என்பதுதான் தொல்லை. நான் முப்பது வயதில் மருந்துக்கடை வேலைக்குப் போய்க் காதைக் காப்பாற்றிக்கொண்டேன். நார்மன், ஆலையின் கேட்டை அவர்கள் பூட்டும் நாள் வரை இருந்தார். ஐம்பத்தாறு வயதில் வெளியே வந்தபோது, கதவை ஓங்கி அறைந்தால்தான் திரும்பிப் பார்ப்பார். மற்றபடி நம் முகத்தைப் பார்த்து, உதட்டைப் படித்துத்தான் பேச்சு.

ஆலை மூடியபோது கிடைத்ததை வைத்து மற்றவர்கள் ஸ்பெயின் கடற்கரைக்குப் போய்த் தோல் உரிந்து வந்தார்கள். நார்மன் ஒரு கேமரா வாங்கினார். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே சின்னத் துருத்தி மாதிரி ஒன்றை மாட்டினால், ஈயின் கண் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் தோட்டத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தார். பழைய மழைக்கோட்டை விரித்து, முழங்கையை ஊன்றி, ஒரு பூவுக்கு முன்னால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். மூச்சை அடக்கி ஒரே ஒரு முறை பொத்தானை அமுக்குவார்.

"மத்தவளுங்க புருஷன் குடிச்சிட்டு விழுந்து கிடப்பான். எம் புருஷன் குடிக்காமலே விழுந்து கிடக்கறான்" என்பாள் அவர் மனைவி டோரீன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. புருஷனுக்கு மட்டும் கேட்காது. அந்த வசதியை அவள் கடைசி வரை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டாள்.

டோரீனின் அப்பா, ஊர்ப் பூங்காவில் பந்து உருட்டி விளையாடும் புல்தரையைப் பராமரித்தவர். புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டி வளர்த்த குடும்பம். அவளுக்குப் புல்வெளி என்றால் மேஜை விரிப்பு மாதிரி சமமாக இருக்க வேண்டும். ஆனால் நார்மன் வீட்டுப் புல்வெளியில் ஒவ்வொரு ஏப்ரலிலும் நரி நிறத்தில் ரோமம் வைத்த ஒரு வகைத் தேனீக்கள் வந்து குழி தோண்டின. கூட்டமாக வாழ்கிற ஜாதி இல்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குழி தோண்டி, வாசலில் மண்ணைக் குவித்து வைக்கும். முப்பது, நாற்பது மண்குவியல் இருக்கும். யாரையும் கொட்டாது. ஆறு வாரம் பறந்துவிட்டு முட்டையிட்டுச் செத்துப்போகும். அடுத்த வசந்தத்தில் குஞ்சுகள் அதே மண்ணிலிருந்து வெளியே வரும்.

"அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு எம் புல்லு. மருந்துப் பொடி ஒரு டப்பா போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்று டோரீன் வருஷா வருஷம் சொல்வாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நார்மன் வீட்டில் குரல் உயர்த்துவார். அவர் குரல் உயர்ந்தால் எவ்வளவு உயரும் என்று அவருக்கே தெரியாது. என் சமையலறை ஜன்னல் அதிரும்.

அவர் பூச்சிகளைத் தொட்டதே இல்லை, இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். இந்த மாதிரிப் படம் எடுக்கிறவர்கள் ரகசியமாகச் செய்கிற ஒரு வேலை உண்டு. பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் பத்து நிமிஷம் வைத்து, விறைத்து நிற்கும்போது பூவில் வைத்து எடுப்பது. நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த ஊர்ப் புகைப்படச் சங்கத்தின் தலைவர் ராட்னி பிக்கர்ஸ்டாஃப் வீட்டில் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் நடுவே ஒரு மூடி போட்ட கிண்ணம் இருக்கும் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். ராட்னி பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவர்களிடம் பேசிப் பேசியே வளர்ந்த மனிதர். நார்மனிடம் அவர் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்.

"வெறச்சுப்போனதப் படம் எடுக்கறதுக்கு நான் மீன்கடைக்குப் போவேனே" என்றார் நார்மன்.

சங்கம் செவ்வாய்க்கிழமை மாலைகளில் மெதடிஸ்ட் கோயில் மண்டபத்தில் கூடும். போட்டி நாளில் வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வருவார். விளக்கை அணைத்து, ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவோம். தலைப்பை மட்டும் வாசிப்பார்கள், எடுத்தவர் பெயர் வராது. நடுவர் நீளக் கோலால் திரையைத் தொட்டுத் தொட்டு விமர்சிப்பார். எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. இதுதான் எங்கள் சங்கத்தின் ஒரே மதம். ஒரு முறை ஒரு பெண்ணின் ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். ஏரியில் தெரிந்த பிம்பத்தை வானம் என்று நினைத்து, நடுவர் மேகங்களின் அமைப்பைப் பாராட்டி இருபதுக்குப் பதினாறு மதிப்பெண் கொடுத்தார். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளை மெச்சினோம்.

நார்மனுக்கு இந்த மண்டபத்தில் ஒரு கஷ்டம் இருந்தது. இருட்டு, போதாக்குறைக்கு நடுவர் திரையைப் பார்த்து நிற்பார், அதாவது எங்களுக்கு முதுகு. உதடு தெரியாது. அதனால் நான் எப்போதும் அவர் பக்கத்தில் உட்கார்வேன். ஸ்லைடு எந்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் சிதறி விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, நடுவர் சொன்னதை ஆலைப் பாஷையில், சத்தமில்லாமல், அவருக்குச் சொல்வேன். ஆறு வருஷம் அப்படிச் சொன்னேன். "பின்னணி கலங்கலா இருக்காம்." "பதினாலுதான் குடுத்தாரு." ஆறு வருஷமும் பூச்சிப் படங்களுக்கான இயற்கைக் கோப்பை ராட்னிக்கோ வேறு யாருக்கோதான் போனது. நார்மன் கோப்பைக்கு ஆசைப்பட்டார். மறைக்கவும் இல்லை. "ஒரு தடவ வீட்டுக்கு வந்தாப் போதும், மேவிஸ். டோரீன் வாய அடைக்கலாம்" என்பார்.

எண்பத்தாறாம் வருஷம், மே மாதம், ஒரு விடியற்காலை அவர் வேலியைத் தட்டினார். நான் அங்கியை மாட்டிக்கொண்டு போனேன். புல் முழுக்கப் பனி. நீலப்பூச் செடி ஒன்றின் காம்பைக் காட்டினார். அதில் ஒரு தேனீ தொங்கியது. சிவப்பும் மஞ்சளுமாகக் குளவி மாதிரி இருக்கும் வகை. குயில் செய்கிற வேலையைச் செய்கிற தேனீ. நரி நிறத் தேனீயின் குழியில் திருட்டுத்தனமாக முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், தனக்கென்று வீடு கிடையாது. வீடு இல்லாததால் அது தூங்குகிற விதம் அப்படி: காம்பைத் தாடையால் கடித்துக்கொண்டு, ஆறு கால்களையும் மடக்கி, உடம்பை அந்தரத்தில் நீட்டி, பல்லாலேயே தொங்கித் தூங்கும். அதன் முதுகில், உணர்கொம்பில், கண்ணில், எல்லா இடத்திலும் பனித்துளி.

"செத்துப்போச்சா?" என்று கேட்டேன் உதட்டால்.

"தூங்குது. வெயில் வரட்டும் பாரு."

அவர் படுத்தார், ஒரே ஒரு படம் எடுத்தார். பிறகு இரண்டு பேரும் காத்திருந்தோம். தோட்டத்துக் கொட்டகைக் கூரையைத் தாண்டி வெயில் வந்து அதன் மேல் விழுந்தது. வயிறு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. ஒரு கால் நீண்டது, பிறகு இன்னொன்று. முகத்தைக் கழுவுகிற மாதிரி முன்கால்களால் துடைத்துக்கொண்டது. தாடையை விட்டது. பறந்தது. என் தோளுக்கு மேலாகப் பறந்து என் தோட்டத்துப் பக்கம் போனது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், பார்த்தேன் என்று பிற்பாடு நான் சொல்லவில்லை என்பதுதான்.

அக்டோபரில் போட்டி. நடுவர் ஜெஃப்ரி லோமாக்ஸ் என்று ஒருவர். எங்கள் ஊருக்கு வர ஒப்புக்கொள்ளும் நடுவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் இவர் வேடிக்கையாகப் பேசுகிறவர் என்று பெயர். முதலில் என் படம் வந்தது. ஃபுக்ஷியா பூவில் உடம்பெல்லாம் வரி போட்ட ஒரு ஈ. பழைய லென்ஸில், ஏதோ அதிர்ஷ்டத்தில், நன்றாக விழுந்த படம். லோமாக்ஸ் அதைப் பாராட்டி, "இத தனியா வைங்க" என்றார். அப்படித் தனியாக வைக்கும் நான்கைந்து படங்களிலிருந்துதான் கடைசியில் கோப்பைக்குரியது வரும். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் வாழ்க்கையில் எதையும் ஜெயித்ததில்லை.

இரண்டு படம் தள்ளி, "விடியற்காலைத் தூக்கம்" என்று தலைப்பை வாசித்தார்கள். நார்மனின் தேனீ திரையில் வந்தது. மண்டபத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஒவ்வொரு பனித்துளிக்குள்ளும் அந்த நீலப் பூ தலைகீழாகத் தெரிந்தது. அவ்வளவு நல்ல படத்தை அந்த மண்டபம் அதற்கு முன் பார்த்ததில்லை.

லோமாக்ஸ் திரைக்கு நெருக்கமாகப் போனார். பிறகு கோலால் அந்த மடங்கிய கால்களைத் தொட்டார்.

"தூக்கமாம். நல்லா இருக்கு. நான் இருபது வருஷமாப் பூச்சிப் படம் பாக்கறேன். காலு இப்படி மடங்கினா என்ன அர்த்தம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது செத்துப்போனது. வாயில பசை தடவிக் காம்புல ஒட்டிட்டு, மேல தண்ணி தெளிச்சிருக்காங்க. யாரோ ரொம்பப் பொறுமையாத்தான் செஞ்சிருக்காங்க. இறுதிச் சடங்குக்குப் பூ வாங்க வேண்டிய செலவும் மிச்சம், பூவோடயே இருக்கு."

மண்டபம் சிரித்தது. நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தது. நார்மன் சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லோரும் சிரித்த முகமாக இருப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். வெளிச்சத்தில் என் பக்கம் திரும்பி, உதட்டால் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் அவர் எழுந்து நின்று அந்த ஜன்னல் அதிர்கிற குரலில் கத்துவார், சங்கத்தின் விதி உடையும், எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள் என்று பயந்தேன். பாவம், கொஞ்ச நேரமாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். என் படம் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் நினைவில் இருந்தது. இந்த மூன்றில் எது எவ்வளவு என்று முப்பது வருஷத்துக்கு மேலாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மூன்றாவதுதான் கனமாக வருகிறது.

இடைவேளையில் தேநீர். நார்மன் தேநீர்க் கோப்பையும் தட்டுமாக எல்லோரிடமும் போனார். முகம் பூராச் சிரிப்பு. "நன்றி, நன்றி. ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன் அதுக்கு" என்று அவர்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே சொன்னார். அவர்கள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். அவர் நகர்ந்ததும் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் மார்பில் கைகளை மடக்கி, நாக்கைத் தள்ளி, செத்த பூச்சி மாதிரி நடித்துக் காட்டினான். ஒரு முறை ஏமாற்றினவரைவிட, ஏமாற்றியது தெரிந்துவிட்டது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்ப்பது அவர்களுக்கு ருசியாக இருந்தது. நான் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று கோப்பைகளை அடுக்கினேன்.

ராட்னிதான் கடைசியில் அவர் எதிரில் போய் நின்றார். உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாக, பல் பிடுங்குகிற பொறுமையோடு சொன்னார்.

"நார்மன். உங்க தேனீ செத்ததுன்னு நடுவர் சொல்லிட்டாரு. செத்த பூச்சி விதிக்கு ஆகாது, போட்டியிலேர்ந்து எடுத்துட்டோம். வர்ற வியாழக்கிழமை கமிட்டி கூடும். நீங்க வந்து விளக்கம் சொல்லலாம்."

நார்மன் ராட்னியைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் குறுக்கே என்னைப் பார்த்தார். இரண்டாம் பாதியில் கோப்பையை எனக்குக் கொடுத்தார்கள். அவர் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினார், சத்தம் நின்றது அவருக்குத் தெரியாதல்லவா.

வியாழக்கிழமைக்கு முன் அவர் என் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. "அன்னிக்கு நீ என்னத்துக்கு அப்படிச் சொன்னேன்னு நான் கேக்கல. உனக்கு மனசு வரல, சரி. வியாழக்கிழமை வந்து பாத்ததச் சொல்லு. பறந்துச்சுன்னு சொல்லு. போதும்" என்றார்.

"சொல்றேன்" என்றேன். கோப்பை கணப்பு மேடையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

கமிட்டி கோயிலின் பின்னறையில் கூடியது. ராட்னியும் இன்னும் இரண்டு பேரும். நார்மன் கறுப்பு சூட்டில் வந்திருந்தார். தேனீ எப்படித் தூங்கும் என்று விளக்கினார். உரக்கத்தான் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ராட்னி என்னிடம் திரும்பினார்.

"மேவிஸ், நீங்க அங்க இருந்தீங்களாமே. பூச்சி அசைஞ்சதப் பாத்தீங்களா?" கொஞ்சம் நிறுத்தி, சிரித்துக்கொண்டே சேர்த்தார். "பாத்திருந்தா நாங்க முடிவ மாத்தித்தான் ஆகணும். கோப்பையையும் திரும்ப யோசிக்கணும். அது நியாயம்தானே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆலையில் வேலை பார்த்த எவளுக்கும் தெரியும், தலையைக் குனிந்தால் பேச்சு போகாது என்று.

"நான் பாத்தப்ப அது அசையல" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னேன். பொய்கூட இல்லை. நான் முதலில் பார்த்தபோது அது அசையவில்லைதான்.

நார்மன் முன்னால் சாய்ந்து என் முகத்தைத் தேடினார். "என்ன சொன்னா? என்ன சொன்னா அவ?"

ராட்னி அவருக்கு எடுத்துச் சொன்னார். "மேவிஸ் பாக்கலையாம்."

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். சங்கத்தை விட்டு நீக்கவில்லை. எங்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை. திரும்பி வரும் வழியில் தெருவிளக்கின் கீழ் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏதாவது சொல்லி ஆற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நார்மன் கண்களை மூடிக்கொண்டார். காது கேட்காதவர் கண்ணையும் மூடிக்கொண்டால் நாம் என்ன சொல்லி என்ன? நான் கையை விடும் வரை அப்படியே நின்றார், விட்டதும் கண்ணைத் திறந்து நடந்தார். அதன் பிறகு ஒன்றரை வருஷம், ஒரே ஒரு மாலை தவிர, நான் பேச வந்தபோதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் இறைச்சிக்கடை வரை போய்விட்டது. "உங்க வீட்டுக்காரரு ஈ புடிச்சுப் பசை போடறாராமே" என்று கடைக்காரன் வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் டோரீனைக் கேட்டான். அன்று அவள் போட்ட சத்தம் வேலி தாண்டி எனக்கு முழுசாகக் கேட்டது. அவர் உதட்டைப் படிக்கட்டும் என்று வேண்டுமென்றே எதிரில் நின்று கத்தினாள்.

"ஏழு வருஷமா எம் புல்ல நாசம் பண்ணிட்டிருக்க. ஒரு தகர ஸ்பூன் வந்துச்சா வீட்டுக்கு? இப்பப் பித்தலாட்டக்காரன் பொண்டாட்டின்னு பேரு வந்திருக்கு. கேட்டுக்க. இன்னும் ஒரே வருஷம். அந்தக் கோப்பை இந்த வீட்டுக்குள்ள வரணும். வந்துச்சுன்னா ஊர் வாய் அடங்கும், நான் சாகற வரைக்கும் அந்தப் புல்லத் தொடமாட்டேன், குழி தோண்டிக்கட்டும், குடும்பம் நடத்தட்டும். வரலன்னா பூங்காவிலேர்ந்து ஆளக் கூட்டிட்டு வந்து பொடியத் தூவி, மண்ணப் புரட்டி, புதுப் புல்லு போட்டுடுவேன். நான் சொன்னா செய்வேன்னு உனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அடுத்த ஏப்ரலில் நார்மன் புல்லில் படுக்கவில்லை. மழைக்கோட்டு கொடியிலேயே தொங்கியது. எங்கள் வேலியோரம் லாரல் செடி ஒன்று அடர்ந்து நிற்கும். அவர் வந்து அதன் இளந்தளிர்களைப் பறித்துக் கையால் கசக்கி ஜாம் புட்டியில் போடுவதை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். கசக்கிய லாரல் இலையிலிருந்து வரும் ஆவி பூச்சியை ஐந்து நிமிஷத்தில் கொன்றுவிடும். கால்கள் விறைக்காது, வேண்டிய மாதிரி வளைக்கலாம். பள்ளிக்கூடத்தில் வண்ணத்துப்பூச்சி சேர்த்த எல்லோருக்கும் எங்கள் ஊரில் இது தெரியும். அவர் முழங்காலிட்டு, ஒரு மண்குவியலின் வாசலில் புட்டியைக் கவிழ்த்துக் காத்திருந்தார். நரி நிறத்தில் ஒன்று மேலே ஏறி வந்தது. மூடியைப் போட்டார். கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலில் ஃப்ளாஷ் வெளிச்சம் மின்னியது. பிறகு மறுபடி புட்டியோடு வந்தார், அடுத்த குழிக்கு. இரண்டு வாரம் இப்படி நடந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த அக்டோபரிலும் லோமாக்ஸ்தான் வந்தார். நார்மன் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன், அவர் எழுந்து போகவில்லை. அவர் ஸ்லைடு வந்தது. செர்ரிப் பூங்கொத்தில் நரி நிறத் தேனீ, முன்கால் ஒன்று பூவைப் பிடித்தபடி, இன்னொன்று தூக்கியபடி, உணர்கொம்புகள் இரண்டும் விறைப்பாக முன்னால் நீட்டியபடி. ஏப்ரல் காற்றில் எந்தத் தேனீயும் அத்தனை ஒழுங்காக நிற்காது.

"ஆங்" என்றார் லோமாக்ஸ். "பாருங்க. இது உயிரோட இருக்கற பூச்சி. அந்தக் காலப் பாருங்க, அடுத்த வினாடி நகரப் போகுது. போன வருஷம் யாரோ ஒரு பொணத்தக் கொண்டுவந்தீங்க. அவங்க இங்க இருந்தா நல்லாப் பாத்துக்கங்க. பொறுமைன்னா இது. உயிருக்கு மரியாதைன்னா இது."

வெளிச்சத்தில் நார்மன் என் பக்கம் திரும்பினார். எனக்கு வேறு வழியில்லை, ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் அவருக்குச் சொன்னேன். ஒன்றையும் மாற்றவில்லை. அவர் கவனமாகப் படித்தார். "உயிருக்கு மரியாதை" என்றபோது மறுபடி சொல்லச் சொல்லிக் கை காட்டினார். மறுபடி சொன்னேன். இருபதுக்கு இருபது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு வருஷம் அவரைப் பார்த்து உதட்டைக் கடித்தவர்கள்தான், அவர் திருந்திவிட்டார் என்று மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார்கள். ராட்னி கோப்பையைக் கொடுத்துக் கையைக் குலுக்கி, புது உறுப்பினர்களுக்குப் பொறுமையைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார். நார்மன் எடுத்தார், இரண்டு செவ்வாய்க்கிழமை.

அதற்கடுத்த ஏப்ரலில் ஒரு ஞாயிறு பிற்பகல், நல்ல வெயில். டோரீன் வேலிக்கு மேல் கையாட்டிக் கூப்பிட்டாள். கோப்பை வந்ததிலிருந்து அவள் என்னோடு பிரியமாக இருந்தாள். போனேன். நார்மன் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேமரா பக்கத்தில் இல்லை.

"பாரு மேவிஸ் எம் புல்ல" என்றாள் டோரீன். "ஒரு குழி இருக்கா சொல்லு. நான் பொடியும் போடல, ஒண்ணும் போடல. கோப்பை வந்தா தொடமாட்டேன்னு சொன்னேன், தொடல. அதுங்களே போயிடுச்சுங்க. எங்கப்பா மட்டும் இருந்திருந்தா இதுல பந்து உருட்டியிருப்பாரு."

பார்த்தேன். ஒரு மண்குவியல்கூட இல்லை. செர்ரிக் கிளைகள் பூத்துக் குலுங்கின, அவற்றைச் சுற்றி எதுவும் பறக்கவில்லை. நான் நார்மனைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடவில்லை.

"எத்தன?" என்று உதட்டால் கேட்டேன்.

அவரும் குரல் இல்லாமல், ஆலையில் பேசுகிற மாதிரி, உதட்டை நன்றாக அசைத்துப் பதில் சொன்னார். டோரீன் ஆலையில் வேலை பார்த்தவள் இல்லை, அவளுக்கு அந்தப் பேச்சு தெரியாது.

"முப்பத்தெட்டு. காலு சரியா வந்தா கொம்பு சாஞ்சிடுச்சு. கொம்பு நின்னா கண்ணு மங்கிடுச்சு. முப்பத்தெட்டாவதுதான் உயிரோட இருக்கற மாதிரி வந்துச்சு. அதுக்கப்புறம் குழியில எதுவும் இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"வேற யார்கிட்ட சொல்வேன்? கண்ணால பாத்தத வெளிய சொல்லாத ஆளு இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்திதான்."

டோரீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் என்ன மூஞ்சியக் கோணிக்கிட்டு நிக்கறீங்க? என்ன சொல்றான் அவன்?"

"மழை வருமான்னு கேக்கறாரு" என்றேன்.

டோரீன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வராது என்று அவருக்குக் கையைக் காட்டினாள்.